பந்தல் போடுவதற்கு முன்னால்

திருவண்ணாமலை மாவட்டத்தின் எந்தக் கிராமத்தில் ஒரு சாவு விழுந்தாலும், அடுத்து என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒருவர் சாமியானாவுக்குச் சொல்கிறார். இன்னொருவர் ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் போடுகிறார். பங்காளிகள் பாடை கட்ட மூங்கில் வெட்ட ஆள் அனுப்புகிறார்கள், தாய்வீட்டார் கோடித்துணியோடு வந்து இறங்குகிறார்கள், பறைமேளம் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. வாய்க்கரிசி யார் போடுவது, கொள்ளிக்குடம் யார் தூக்குவது, பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் யார் முறை செய்வது என்பதெல்லாம் அனைவருக்கும் மனப்பாடம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர் இரவோடு இரவாக பஸ் பிடித்து வந்துவிடுவார். பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகூட அன்றைக்கு ஒரே வரிசையில் நிற்பார்கள். ஆனால் அதே மனிதர் அதற்கு முந்தைய ஆறு மாதம் அதே வீட்டின் பின்கட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாரே, அந்த நாட்களுக்கு இப்படி ஒரு முறை கிடையாது. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஒரு தடவை வருவார்கள். கால்மணி நேரம் நின்று, “எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டுப் புறப்படுவார்கள். மற்ற நேரமெல்லாம் ஒரு மருமகளோ, மனைவியோ, மகளோ தன்னந்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஆறு மாதத்துக்குள் போய் உட்காரக் கற்றுக்கொண்ட வெளியாளுக்குத்தான் ஹாஸ்பிஸ் தன்னார்வலர் என்று பெயர். ஹாஸ்பிஸ் என்றதும் நம் மனதில் வருவது ஊருக்கு வெளியே ஒரு கட்டடம், கைவிடப்பட்டவர்களின் வரிசைக் கட்டில்கள், நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு. திருவண்ணாமலையில் சேவை செய்ய வசதியுள்ளவர்கள் முன்வந்தால் முதலில் எழும்புவதும் கட்டடமாகவே இருக்கும். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. தீராத நோயில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் வீட்டில்தான் கிடக்கிறார்கள், அங்கேயே சாக விரும்புகிறார்கள். அவர்களுக்கு இல்லாதது கூரை அல்ல. வலிக்கு மருந்தும், புண்ணைத் துடைக்கத் தெரிந்த கையும், பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டு மணி நேர ஓய்வும்தான் அங்கே இல்லை. முதலாவதை மருத்துவத் துறையால் மட்டுமே தர முடியும். மற்ற இரண்டையும் முறையாகப் பயிற்சி பெற்ற பக்கத்துத் தெருக்காரரால் தர முடியும்.

இது வெறும் நல்லெண்ணக் கணக்கல்ல என்பதற்குக் கேரளம் சாட்சி. நவீன ஹாஸ்பிஸ் முறையின் தாயாகக் கருதப்படும் சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸைத் தொடங்கினார். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பு, மருத்துவம் படிக்கப் போகுமுன்பே, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான ஓர் இல்லத்தில் அவர் தன்னார்வலராக வேலை பார்த்தவர். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் என்ற பெயரில் வந்தது. அதுவும் கட்டடம்தான். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் வேறு பாதையில் போனது. புற்றுநோயாளி மாதாமாதம் பஸ் ஏறி மருத்துவமனைக்கு வர முடியாது, நாம்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 1990களின் இறுதியில் மலப்புரம் பகுதியில் அது அக்கம்பக்கத்தார் வலையமைப்பாக வளர்ந்தது. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் சேரலாம். பதினாறு மணி நேர வகுப்பு, அதன்பின் நான்கு நாள் மருத்துவக் குழுவோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்தல். பயிற்சி அவ்வளவுதான். கடைகளில் வைத்த உண்டியல் சில்லறையில்தான் பல இடங்களில் வண்டிக்கு டீசல் போட்டார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். 2022இல் லான்செட் இதழின் மரணம் பற்றிய ஆணையம், உலகம் பார்த்துக் கற்க வேண்டிய மாதிரியாகக் கேரளத்தைக் காட்டியது.

உலகளவில் ஆண்டுக்கு சுமார் 5.68 கோடிப் பேருக்கு தீராத நோயாளிகளுக்கான இந்த ஆதரவு சிகிச்சை தேவைப்படுகிறது, அதில் 14 சதவீதத்தினருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு அதைவிட மோசம்: நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர். 2015இல் எகனாமிஸ்ட் இதழின் ஆய்வுப் பிரிவு 80 நாடுகளில் மரணத்தின் தரத்தை அளந்தபோது நாம் 67ஆம் இடத்தில் இருந்தோம். நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 24.6 லட்சம், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கிராமங்களில். அப்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். பெரிய மாநிலங்களில் நம்மை மிஞ்சி நின்றது கேரளம் மட்டும்தான். இளைஞர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். முன்பு வீட்டில் கிழவியைப் பார்த்துக்கொண்ட மருமகள் இப்போது ஷிப்டில் இருக்கிறாள். அவள் சம்பளம்தான் அந்த வீட்டின் அடுப்பு. அவளைக் குறை சொல்கிறவர்கள் யாரும் அந்தச் சம்பளத்தை மாற்றித் தரப் போவதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு நிற்கவில்லை. வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் தருவது அதன் பகுதி. வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்பது திட்டத்தின் அமைப்பு. திருவண்ணாமலை மாவட்டத்தில் வட்டாரங்கள் 18. கிராம மக்களை மட்டும் வகுத்துப் பார்த்தாலும் ஒரு செவிலியருக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வருகிறது. ஜமுனாமரத்தூரில் ஜவ்வாது மலையின் சிற்றூர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். காலையில் வண்டி எடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை வீடு போக முடியும்? ஒரு வீட்டில் அரை மணி நேரம் நின்றாலே அதிகம். மறுபடி அந்த வீட்டுக்கு வர வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் யார் போவது என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை. தன்னார்வலருக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

அங்கே போய் அவர் என்ன செய்வார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலர் இதை ஆறுதல் சொல்கிற வேலை என்று நினைக்கிறார்கள். வாதத்தில் கிடக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். புண் வந்தபின் ஆற்றுவது கடினம், வராமல் தடுப்பது எளிது, ஆனால் தனியாளாக ஒரு பெண்ணால் கணவனைப் புரட்ட முடியாது. துணியை அடியில் விரித்து இரண்டு பேர் ஒரே சமயம் இழுக்கும் முறையை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாவது செய்துகொள்வாள். வாய் உலர்ந்துபோனவருக்கு ஈரப்பஞ்சால் உதடும் நாக்கும் துடைப்பது, யூரின் பேக்கைத் தரையில் போடாமல் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுவது, மூக்குக் குழாய் வழியாகக் கூழ் கொடுக்கும்போது தலையை உயர்த்தி வைப்பது, மூச்சுத் திணறுகிறவரைப் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைத்து ஜன்னலைத் திறந்துவிடுவது என்று எல்லாமே மிகச் சின்னச் சின்ன வேலைகள். எதற்கும் பட்டப்படிப்பு வேண்டாம். ஆனால் தெரியாவிட்டால் ஒவ்வொன்றும் நோயாளிக்கு ஒரு நரகம்.

அடுத்தது பேச்சும் பேச்சில்லாமையும். நோயாளி வாய் திறந்து சொல்லக் காத்திருப்பது, சொன்னபின் புத்திமதி சொல்லாமல் இருப்பது. நம் ஊரில் இரண்டாவதுதான் கஷ்டம். “அந்த சித்த வைத்தியரைப் பாருங்க”, “எங்க மாமாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்று ஆரம்பிக்காமல் ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் இருக்க முடிந்தால் அவர் பாதிப் பயிற்சியை முடித்துவிட்டார். மூன்றாவது வேலை காகிதம். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், அது வரவில்லை என்றால் தாலுகா ஆபீஸுக்கு யார் நடப்பது? படுக்கையில் கிடப்பவரின் கைரேகை விழாததால் ரேஷன் நின்றுபோனால் யார் போய்ப் பேசுவது? மருத்துவக் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் சிகிச்சைக்கானது, வீட்டில் கிடப்பவரின் டயப்பர் செலவுக்கு அது உதவாது. இந்த அலைச்சலில் பாதியைத் தன்னார்வலர் ஏற்றுக்கொண்டாலே வீட்டுப் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலான நாலாவது: “நான் உக்காந்திருக்கேன், நீ போய்த் தூங்கு” என்று அவளிடம் சொல்வது. எந்த மருந்துக்கடையிலும் இது விற்பதில்லை.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உலகெங்கும் ஏற்கப்பட்ட மருந்து, விலையும் குறைவு. அதன் மூலப்பொருளான அபினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. ஆனால் 1985இன் போதைப்பொருள் தடைச் சட்டம் போட்ட கெடுபிடியில், மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைத்திருக்கவே பயந்தன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் பெறுவது எளிதானது, பயம் மட்டும் இன்னும் போகவில்லை. குடும்பங்களிடம் வேறு ஒரு பயம்: “அது குடுத்தா பழக்கமாயிடுமே”, “அது கடைசி மருந்தாச்சே”. மருத்துவர் மேற்பார்வையில், வலிக்கேற்ற அளவில் கொடுக்கும்போது அடிமைப்படுத்தும் ஆபத்து மிகக் குறைவு என்பதை வீட்டில் உட்கார்ந்து நாலு தடவை விளக்க வேண்டியிருக்கிறது. மருத்துவருக்கு அதற்கு நேரம் இல்லை. தன்னார்வலர் மாத்திரையைத் தொடக் கூடாது, அளவைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. ஆனால் நேரம் தவறாமல் கொடுக்கிறார்களா, மலச்சிக்கலுக்கு சேர்த்துத் தந்த மருந்தையும் கொடுக்கிறார்களா என்று பார்த்துச் செவிலியருக்குப் போன் போடலாம். இந்த ஒரு போனில் ஓர் இரவின் அலறல் நிற்கும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எல்லோர் வாயிலும் வருவது: பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, வெளியாள் வந்தால் குடும்பத்துக்கு அவமானம். இந்த வாதத்தில் மரியாதைக்குரிய ஒரு பகுதி உண்டு. நம் குடும்பங்கள் இன்னும் கைவிடவில்லை என்பதால்தான் வீட்டுப் பராமரிப்பு என்பதையே பேச முடிகிறது. ஆனால் கடமையை ஒரே தோளில் ஏற்றிவிட்டு, அந்தத் தோள் முறியும்போது கண்ணை மூடிக்கொள்வது குடும்ப கௌரவம் ஆகாது. முறிந்தால் என்ன ஆகும் என்பதும் தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வெளிவந்த தலைக்கூத்தல் செய்திகள், கிடையில் கிடக்கும் முதியவர்களை எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் முடித்துவைக்கும் பழக்கத்தை நாட்டுக்குக் காட்டின. 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது பெற்ற ‘பாரம்’ அதைத்தான் பேசியது. அந்தக் குற்றத்தைச் சட்டம் தண்டிக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஈடுபட்டவர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால், மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல், கையில் காசில்லாமல், கேட்க ஆளில்லாமல் ஒரு வீடு எங்கே போய் நிற்கும் என்ற கேள்வியிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம். தன்னார்வலர் அந்தக் குடும்பத்தின் இடத்தைப் பிடிக்க வருவதில்லை. அது குடும்பமாகவே நீடிக்க உதவ வருகிறார்.

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது: இது அரசின் வேலை, தன்னார்வலர்களை இறக்குவது அரசு கைகழுவ வழி செய்யும். உண்மையில் இப்படி நடந்திருக்கிறது. சேவை என்ற பெயரில் பெண்களின் உழைப்பைக் குறைந்த காசுக்கு வாங்குவது நம் நலத்திட்டங்களின் பழைய பழக்கம். ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்களையே தன்னார்வலர் என்று அழைத்து ஊக்கத்தொகைதான் தருகிறோம். ஆகவே எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். செவிலியர், மருத்துவர், மருந்து, வண்டி நான்கும் அரசின் கடன். அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தன்னார்வலர் மாற்று அல்ல. ஆனால் அரசு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தர முடியாத ஒன்று உண்டு: அதே தெருவில் இருப்பது. இன்னொன்றும் கேரளத்தில் தெரிந்தது. ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போகத் தொடங்கியபின்தான் “செவிலியர் ஏன் வரவில்லை, மார்ஃபின் ஏன் இல்லை” என்று பஞ்சாயத்தில் கேட்கும் ஆட்கள் உருவானார்கள். கேரளக் கொள்கையே அந்த அழுத்தத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவில் 1983 முதல் ஹாஸ்பிஸ் சேவைக்கு அரசுக் காப்பீடே பணம் தருகிறது. அதைப் பெறும் அமைப்புகள் நோயாளியைப் பராமரிக்கும் நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்குத் தன்னார்வலர் உழைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. பணம் கொடுத்த பிறகும் அவர்கள் அந்த 5 சதவீதத்தைக் கேட்டார்கள்.

மூன்றாவது: இப்படி ஓர் ஆள் வீட்டுக்கு வந்தால் நோயாளிக்கு விஷயம் தெரிந்துவிடும், மனசு விட்டுப்போய் சீக்கிரம் போய்விடுவார். 2010இல் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு இந்தப் பயத்துக்கு நேரடிப் பதில். வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், பெறாதவர்களுக்கு 8.9. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளுக்கு ஆளானவர்களும் முதல் பிரிவில் குறைவு. ஓர் ஆய்வை வைத்து ஆயுள் கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க நான் தயாரில்லை. குறையாது என்று சொல்ல அது போதும். மறைப்பதைப் பற்றி: பெரும்பாலும் நோயாளிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சிக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் பலமுறை போய்விட்டு, கடைசியாக “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்ற சொல்லோடு திரும்பிய வண்டியில் அவரும்தான் இருந்தார். அவருக்குத் தெரியும் என்பது வீட்டுக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதது போல இரு பக்கமும் நடிப்பு நடக்கிறது. நிலத்தை யார் பேருக்கு எழுதுவது, மகள் கல்யாணம், பழைய பகை என்று பேசித் தீர்க்க வேண்டியதெல்லாம் அந்த நடிப்பில் பேசாமலே போய்விடுகிறது. நோயின் பெயரைச் சொல்வது தன்னார்வலரின் வேலையல்ல. நோயாளி கேட்டால் பொய் சொல்லாமல் இருப்பது மட்டுமே வேலை.

திருவண்ணாமலையின் சொந்த வரலாறே இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. 1922 மே 19 அன்று, மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில், ரமணர் தம் தாய் அழகம்மாளின் பக்கத்தில் காலையிலிருந்து இரவு உயிர் பிரியும்வரை உட்கார்ந்திருந்தார், ஒரு கை நெஞ்சில், ஒரு கை தலையில். ஆசிரம வரலாறு அதை முக்தியளித்த செயலாகப் பார்க்கிறது. அந்த நம்பிக்கைக்குள் போக எனக்கு இங்கே வேலையில்லை. ஒரு மனிதர் ஒரு நாள் முழுக்க எழுந்து போகவில்லை, கையை எடுக்கவில்லை என்பதே போதும். எல்லாம் முடிந்தபின் தீட்டு எதுவும் இல்லை, வாருங்கள் சாப்பிடலாம் என்று அவர் மற்றவர்களை அழைத்ததாகவும் அந்த வரலாற்றில் இருக்கிறது. சாவு வீட்டுக்குள் போகாமல் இருக்கத் தீட்டைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்த ஊரில் இதை நினைத்துக்கொள்ளலாம். அவருக்கே 1949இல் இடதுகையில் சதைப்புற்று வந்தது. அந்த ஆண்டில் நான்கு அறுவைச் சிகிச்சைகள். கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு மறையும்வரை பக்தர்கள் தம்மைப் பார்க்க வருவதை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. நோயுற்ற உடம்பை மறைத்துவைக்க வேண்டிய வெட்கமாக அவர் நினைக்கவில்லை. இன்னொரு சின்ன விஷயம்: காசியில் முக்தி வேண்டுவோர் அங்கே போய்ச் சாக வேண்டும், அதற்கென்றே 1958 முதல் முக்தி பவன் அறைகள் தருகிறது. அண்ணாமலையையோ நினைத்தாலே போதும் என்பது இவ்வூர் நம்பிக்கை. அதாவது, தண்டராம்பட்டில் தன் வீட்டுக் கட்டிலிலேயே கிடக்கலாம்!

இந்த ஊரில் சேவை செய்ய ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் புளியோதரையும் தண்ணீரும் மோரும் கொடுக்க முண்டியடிக்கிறார்கள். தீபத்தன்று போலீஸ் ஒழுங்குபடுத்த வேண்டிய அளவுக்கு அன்னதானம் நடக்கிறது. இந்த உற்சாகத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன், பசித்தவருக்குச் சோறு போடுவது முதல் அறம்தான். ஆனால் அது ஒரு நாள் வேலை, கூட்டத்தோடு செய்கிற வேலை, போட்டோ எடுத்துப் போடக்கூடிய வேலை. படுக்கை அறையில் மூன்றுமே கிடையாது. ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதைவிட யாரைச் சேர்க்கக் கூடாது என்பதை இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டும். மரணத்தை ஆன்மிக அனுபவமாக அருகிலிருந்து பார்க்க விரும்புகிறவர்கள் வேண்டாம். உள்நாட்டிலிருந்தும் கடல் கடந்தும் தேடல் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் ஊர் இது. வலியில் துடிப்பவருக்கு ஆத்ம விசாரம் போதிக்க அவர்களில் சிலர் கிளம்பிவிடுவார்கள். மத மாற்றத்துக்கோ மத உறுதிப்பாட்டுக்கோ வருகிறவர்களும் வேண்டாம், எந்த மதமானாலும். சொந்த வீட்டில் சாவு நடந்து ஓர் ஆண்டு ஆகாதவர்களைக் காத்திருக்கச் சொல்வது நல்லது. போனைக் கையிலிருந்து கீழே வைக்க முடியாதவர்களையும்தான்.

கட்டடமே வேண்டாம் என்ற என் வாதத்துக்கு ஒரு விலக்கை நானே சொல்லியாக வேண்டும். கிரிவலப் பாதையில் வருடக்கணக்கில் படுத்திருக்கும் சாதுக்களுக்கும், பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன முதியவர்களுக்கும் வீடு கிடையாது. அவர்களுக்கு வீட்டுப் பராமரிப்பு என்று பேசுவது கேலி. அவர்களுக்குச் சில கட்டில்கள் வேண்டும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண்பார்வையில், முறையான பதிவேட்டோடும் திடீர் ஆய்வுக்குத் திறந்த கதவோடும். சாகிறவர்களை வைத்திருக்கும் இடத்தில் கேள்வி கேட்க உறவுக்காரர் இல்லை என்றால், கேள்வி கேட்கும் வேலையைச் சட்டம்தான் செய்ய வேண்டும். அங்கேயும் தன்னார்வலர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போய் வரலாம். வெளியாள் அடிக்கடி வருகிற இடத்தில் தவறு நடப்பது குறையும்.

கடைசி எதிர்வாதத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை: கேரளத்தில் நடக்கும், இங்கே நடக்காது. படிப்பு, அரசியல் அமைப்பு, பஞ்சாயத்துக்கு உள்ள அதிகாரம் என்று அவர்களுக்கு அனுகூலங்கள் இருந்தது மெய். நமக்குள்ள தனி முட்டுக்கட்டை சாதி. சாவு வீட்டின் ஒழுங்கைப் பற்றித் தொடக்கத்தில் எழுதினேன். அந்த ஒழுங்கில் பறையடிப்பவர் யார், குழி வெட்டுபவர் யார் என்பது பிறப்பால் விதிக்கப்பட்டது, அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக ஓடுகிறது. நோயாளியின் மலம் துடைப்பதும் புண் கழுவுவதும் சேர்ந்த வேலை என்றால், சும்மா விட்டால் அதுவும் அதே ஆட்கள் தலையில்தான் போய் விழும். ஊர்த்தெருவுக்குக் காலனியிலிருந்து வரும் தன்னார்வலரை வாசலோடு நிறுத்துவார்கள். ஊர்த்தெருவிலிருந்து காலனிக்குப் போக வேண்டியவருக்கு அந்த வாரம் முழுக்க உடம்பு சரியிருக்காது. இதற்குப் பூசி மெழுகிய பதில் எதுவும் இல்லை. யார் எந்த வீட்டுக்கு என்பதை வட்டாரச் செவிலியர்தான் முடிவு செய்ய வேண்டும், மாற்றிக் கேட்கும் தன்னார்வலர் விலக வேண்டும், ஆளை மாற்றிக் கேட்கும் வீட்டுக்கு வேறு ஆள் கிடையாது. செவிலியரும் மருந்தும் மட்டும் யாருக்கும் நிற்கக் கூடாது. கறாராக இருக்கிறது என்பார்கள். நோய் முற்றியபின் எத்தனை வீடுகள் இந்த விதியைத் தாமாகவே ஏற்கும் என்பதை நடத்திப் பார்த்தால்தான் தெரியும். என் ஊகம், பயப்படுவதைவிட அதிகமாக.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரே ஒரு வட்டாரம், இருபது பேர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரு கூடம், நான்கு சனிக்கிழமைகளில் பதினாறு மணி நேரம், பிறகு செவிலியரின் வண்டியில் நான்கு நாள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் எல்லாக் கிராமத்திலும் இருக்கின்றன, கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பழகியவர்கள். அவர்களை மட்டுமே நம்பினால் மறுபடியும் பாரம் பெண்கள் மேலேயே ஏறும், ஆண் நோயாளிகளைக் குளிப்பாட்ட ஆளும் கிடைக்காது. ஆகவே இருபதில் எட்டுப் பேராவது ஆண்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையே வைக்கலாம். வட ஆற்காட்டுப் பகுதி பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய பகுதி. சீக்கிரம் ஓய்வு பெற்று, நேரம் தவறாத பழக்கத்தோடு வீட்டில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், போக்குவரத்துக் கழக நடத்துநர்களும் நிறையப் பேர். மாதம் எவ்வளவு நேரம் என்பதைவிட விடாமல் வருவதே முக்கியம், “செவ்வாய்க்கிழமை அவர் வருவார்” என்று நோயாளி எதிர்பார்க்கத் தொடங்கியபின் வராமல் இருப்பது, போகாமலே இருந்ததைவிடக் கொடுமை. காலம் பற்றி ஓர் எச்சரிக்கை: கார்த்திகை தீபத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் இந்த ஊரில் எதையும் தொடங்க முடியாது, மாவட்ட நிர்வாகம் முழுக்கத் தீபத்திலேயே நிற்கும். கேரளம் ஜனவரி 15ஐ ஆதரவு சிகிச்சை நாளாகக் கொண்டாடுகிறது. நமக்கு அது பொங்கலை ஒட்டி வருகிறது. பெங்களூர் பிள்ளைகள் ஊரில் இருக்கும் வாரம். பின்கட்டில் யார் கிடக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாகப் பெயர் எழுத அந்த வாரத்தைவிட்டால் வேறு வாரம் கிடைக்காது.